ஆள் இல்லாதபோதும் ஓடிய கம்ப்ரசர்: காட்பாடி வீட்டுப் பட்டறையில் காற்றுக் கசிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காட்பாடியில் ஒரு வீட்டின் பின்கட்டில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகையில் நடக்கும் சோஃபா பட்டறை இது. கணவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். தையல் வேலை மனைவியுடையது. பழைய சோஃபாவைப் பிரித்து, ஸ்பாஞ்ச் மாற்றி, புது ரெக்ஸின் அடித்துக் கொடுக்கிறார்கள்.

காற்றில் ஓடும் கருவிகள் நான்கு. ரெக்ஸின் அடிக்கும் ஸ்டேப்ளர் கன்தான் நாள் முழுக்கக் கையில் இருப்பது. மரச்சட்டத்துக்கு மெல்லிய ஆணி அடிக்கும் கன் ஒன்று, சின்ன ஏர் கிரைண்டர் ஒன்று. நான்காவது, சவுதியிலிருந்து திரும்பிய மைத்துனர் கொடுத்த இம்பாக்ட் ரெஞ்ச். ரிக்ளைனர் சோஃபாக்களின் போல்ட்டைக் கழற்ற உதவுகிறது. கம்ப்ரசர் 1 எச்.பி., பெல்ட் வைத்தது, 60 லிட்டர் டேங்க். பிரஷர் ஸ்விட்ச் 7 கிலோவில் மோட்டாரை நிறுத்தும், 5 கிலோவில் திரும்பக் கிளப்பும். (பட்டறையில் கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ; ஒரு கிலோ என்பது சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டுக்குச் சற்று மேல்.)

என்னைக் கூப்பிட்டது ஸ்டேப்ளர் கன்னுக்காக. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இந்த வகைக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. கன்னில் காற்று கசிகிறது, ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றினால் சில வாரம் நிற்கிறது, அப்புறம் பழைய கதைதான் என்றார் கணவர். அடிக்கும் ஸ்டேப்ளர் பின்னும் முழுசாக இறங்குவதில்லையாம். உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, பிரஷர் ஸ்விட்ச் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். புது கன்னும் 2 எச்.பி. கம்ப்ரசரும் வாங்கிவிடலாமா என்ற யோசனையில் இருந்தார் கணவர்.

உருப்படியான தகவல் மனைவியிடமிருந்து வந்தது. “சாப்பாட்டு நேரத்துல யாரும் அந்தப் பக்கமே போறதில்ல. அப்பவும் மோட்டார் ஓடி ஓடி நிக்குது தம்பி. யாருக்காக ஓடுது?”

முதலில் கவனித்தது

அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பதிலிருந்தே தொடங்கினோம். கருவிகள் எல்லாம் லைனில் (கம்ப்ரசரிலிருந்து காற்று வரும் குழாயில்) மாட்டியபடி இருக்க, யாரும் எதையும் தொடாமல் மோட்டாரை மட்டும் கவனித்தோம். சுமார் 3 நிமிடம் ஓடியது, 3 நிமிடம் நின்றது, திரும்ப 3 நிமிடம் ஓடியது. ஓடும் நேரத்தை, ஓடும் நேரமும் நிற்கும் நேரமும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் கம்ப்ரசரின் திறனில் எவ்வளவு கசிவுக்கே போகிறது என்று தெரிந்துவிடும். இங்கே சரிபாதி.

இதில் காசும் இருக்கிறது. 8 மணி நேர வேலை நாளில் 4 மணி நேரம் மோட்டார் வெறும் கசிவுக்காக ஓடுகிறது. 1 எச்.பி. மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் என்று வைத்தால் நாளுக்கு 4 யூனிட். மாதம் 25 நாள் வேலை என்றால் இரண்டு மாத பில்லில் 200 யூனிட். கணவர் அதுவரை கரண்ட் பில்லையும் கன்னையும் சேர்த்து யோசித்ததில்லை.

காதுக்குக் கேட்ட சத்தம் இரண்டு இடத்தில்தான்: கன்னின் டிரிகர் பக்கம், பிரஷர் ஸ்விட்ச் பக்கம். எல்லோரும் அந்த இரண்டையே குறை சொல்லியதற்கு அதுதான் காரணம். பெரிய ஓட்டையில் சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறோம். மெல்லிய விளிம்பு ஒன்று சிறு கசிவிலும் கீச்சென்று கத்தும். மரையில் ஐந்தாறு சுற்று சுற்றிக்கொண்டு வெளியேறும் காற்று அதைவிட அதிகமாகப் போனாலும் வாய் திறக்காது. தையல் மெஷின் ஓடும் கொட்டகையில் அது கேட்க வாய்ப்பே இல்லை.

அதனால் எடுத்த முதல் முடிவு, அளக்காமல் எந்தப் பாகமும் வாங்குவதில்லை என்பது.

டேங்கை வைத்தே அளந்தோம்

ஃப்ளோ மீட்டர் எதுவும் தேவைப்படவில்லை. டேங்கின் கொள்ளளவு தெரியும், கேஜ் இருக்கிறது, போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. 60 லிட்டர் டேங்கில் அழுத்தம் 1 கிலோ இறங்கினால் சாதாரண காற்றின் கணக்கில் ஏறத்தாழ 60 லிட்டர் வெளியே போயிருக்கிறது. அதை நிமிடத்தால் வகுத்தால் கசிவு.

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மோட்டார் நின்றவுடன் டேங்கில் இருப்பது சூடான காற்று. அது ஆறும்போதே அழுத்தம் கொஞ்சம் இறங்கும், கசிவே இல்லாவிட்டாலும். அதனால் மெயினை அணைத்து, டேங்க் கைக்குச் சூடில்லாமல் ஆனபின் 6 கிலோவிலிருந்து 5 கிலோவுக்கு இறங்கும் நேரத்தை எடுத்தோம்.

எல்லாம் மாட்டிய நிலையில் ஒன்றரை நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 40 லிட்டர். கருவிகளைக் கழற்றிவிட்டு, டேங்கோடு லைன் மட்டும் சேர்ந்திருந்தபோது இரண்டரை நிமிடம், 24 லிட்டர். டேங்க் வாயில் உள்ள பால் வால்வை மூடி டேங்கை மட்டும் பார்த்தபோது 10 நிமிடம், 6 லிட்டர். கழித்துப் பார்த்தால் டேங்க் பக்கம் 6, லைன் 18, நான்கு கருவிகளும் சேர்ந்து 16. எல்லோரும் திட்டிய கன் அந்த 16-இல் ஒரு பங்குதான். கணவர் இதை உடனே ஏற்கவில்லை; வால்வைத் திறந்து மூடி அவரே ஒருமுறை அளந்து பார்த்தார். எனக்கும் அதுதான் தேவையாக இருந்தது.

அடுத்த முடிவு வரிசை பற்றியது. கருவிகளைக் கடைசிக்குத் தள்ளினோம். டேங்கும் லைனும் சேர்ந்தே 24 லிட்டர் கசியும்போது ஒரு கருவியின் 2 லிட்டரைத் தனியாகப் பிடிக்க முடியாது. லைன் இறுகிய பிறகு ஒவ்வொரு கருவியாக மாட்டினால் கணக்கு தெளிவாக வரும்.

டேங்க் பக்கம்

மோட்டார் நின்றதும் பிரஷர் ஸ்விட்சின் அடியில் சில விநாடி ‘புஸ்’ என்று காற்று போவது இயல்பு. கம்ப்ரசர் தலையிலிருந்து டேங்குக்கு வரும் குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றி, அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் கிளம்பச் செய்யும் ஏற்பாடு அது. இங்கே அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. மோட்டார் ஓடும்போது மட்டும் மறைந்தது.

அப்படியானால் ஸ்விட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. டேங்கிலிருந்து காற்று திரும்பி வந்துகொண்டிருக்கிறது. திரும்ப விடாமல் தடுக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வ்தான் மூடவில்லை. டேங்கின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு வால்வைக் கழற்றினோம். கரி படிந்து, வால்வ் அமர்ந்து மூடும் இருக்கையில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. சுத்தம் செய்து உள் வாஷரை மாற்றியதும் சத்தம் நின்றது. பிரஷர் ஸ்விட்ச் வாங்கும் செலவு மிச்சம்.

லைன்

சோப்புத் தண்ணீரும் ஒரு பழைய பெயின்ட் பிரஷும் போதுமானதாக இருந்தன. பாத்திரம் தேய்க்கும் திரவம் கொஞ்சம் கலந்தால் நுரை நின்று காட்டும். கையை வைத்துத் துழாவ வேண்டாம் என்று கணவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அழுத்தக் காற்று தோலுக்குள் புகுந்தால் விளைவு மோசம்.

மிகவும் கவலை தந்தது, காற்றை வடிகட்டி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஃபில்டர் ரெகுலேட்டரின் பிளாஸ்டிக் கிண்ணம். அடிப்பக்கம் மயிரிழைக் கீறல்கள், அவற்றின் மேல் பொடிப்பொடியாக நுரை. கசிவு பெரிதில்லை. ஆனால் அந்தக் கிண்ணம் பாலிகார்பனேட். தின்னர், சோஃபா ஒட்டும் ரப்பர் பசையின் ஆவி இவையெல்லாம் அதைச் சிறுகச் சிறுக உடைக்கும். பசைக் கறை போக வேண்டும் என்று தின்னர் துணியால் துடைத்து வந்ததாக மனைவி சொன்னார். 6 கிலோ அழுத்தத்தில் அது வெடித்தால் சில்லு கண்ணுக்குத்தான் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கழற்றிவிட்டு, உலோகக் கிண்ணம் வைத்த ஃபில்டர் மாட்டினோம். கசிவுக் கணக்கில் அது கடைசி இடம், மாற்றியதில் முதல் இடம்.

அதிகம் போனது, டியூபைச் சொருகினாலே பிடித்துக்கொள்ளும் புஷ் ஃபிட்டிங்குகளில். 8 மி.மீ. பி.யு. (பாலியூரித்தேன்) டியூபை ரெக்ஸின் வெட்டும் கத்தியால் சாய்வாக வெட்டிச் சொருகியிருந்தார்கள். உள்ளே உள்ள சீல் டியூபைச் சுற்றி ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். சாய்ந்த முனை அதைத் தாண்டியும் தாண்டாமலும் நிற்கும். டியூப் கட்டரால் நேராக வெட்டி, முனையில் கீறல் இல்லாத இடம் வரை கழித்துவிட்டு, அடி தட்டும் வரை சொருகினோம்.

மரை இணைப்புகளில் டெஃப்லான் டேப்பைத் தலைகீழாகச் சுற்றியிருந்தார்கள். முனை நம்மைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் திருகத் திருக டேப் பிரிந்து வெளியே வரும். முதல் மரையை வெறுமனே விட வேண்டும். டேப் துணுக்கு உள்ளே போனால் அது போய் உட்காரும் இடம் ஏதாவது ஒரு கன்னின் வால்வாகத்தான் இருக்கும். ஒரு கப்ளரின் (கருவியைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பின்) உள் ரப்பர் தேய்ந்திருந்தது, மாற்றினோம்.

போர்வெல்லுக்குப் போட்டது போக மீதி பி.வி.சி. பைப் இருக்கிறது, லைனையே அதில் இழுத்துவிடலாமா என்று கேட்டார் கணவர். கூடாது என்று உறுதியாக மறுத்தேன். தண்ணீருக்கு அது தாங்கும் அழுத்தம் வேறு விஷயம். அழுத்தக் காற்று அடைபட்ட பி.வி.சி. உடைந்தால் துண்டு துண்டாகச் சிதறும்.

இந்த வேலைகள் முடிந்ததும் கருவிகள் இல்லாமல் திரும்ப அளந்தோம். 6-லிருந்து 5-க்கு இறங்க அரை மணி நேரம் ஆனது. நிமிடத்துக்கு 2 லிட்டர்.

ஸ்டேப்ளர் கன்

ஒவ்வொரு கருவியாக மாட்டியபோது இம்பாக்ட் ரெஞ்ச் 9 லிட்டர், ஸ்டேப்ளர் 5, கிரைண்டர் 2 என்று வந்தது. ஆணி கன்னில் கசிவே இல்லை. கசிவில் இரண்டாம் இடம்தான் என்றாலும், ஸ்டேப்ளரின் கோளாறு திரும்பத் திரும்ப வந்தது என்பதால் அதை விரிவாகப் பார்த்தோம்.

இந்த வகை கன்களில் காற்று எங்கே போகிறது என்பதைவிட எப்போது போகிறது என்பது நிறையச் சொல்லும். டிரிகரைத் தொடாதபோதே டிரிகர் அடியில் கசிந்தால் டிரிகர் வால்வின் ஓ-ரிங். தொடாதபோது மேலே எக்ஸாஸ்ட் வழியாகப் போனால் தலைப்பக்க வால்வின் சீல். மூடியின் ஓரத்தில் நுரைத்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது கேஸ்கெட் போயிருக்கும். டிரிகரை அழுத்திப் பிடிக்கும்போது மூக்குப் பக்கம் காற்று வந்தால் பிஸ்டன் ரிங், அல்லது அதன் அடியில் உள்ள பம்பர் ரப்பர். இந்த கன்னில் முதலாவதும் கடைசியும் இருந்தன. இரண்டுமே அண்மையில் ஓ-ரிங் மாற்றிய இடங்கள்.

ஹோஸைக் கழற்றி, பின் முழுவதையும் எடுத்துவிட்டுப் பிரித்தோம். டிரிகர் வால்வின் ரிங் ஒரு பக்கம் கொறித்துப் போயிருந்தது. பிஸ்டன் ரிங் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி நின்றது. வெர்னியரில் பார்த்தால், அதே கடையில் வாங்கிய பயன்படுத்தாத ரிங்கைவிட அது தெளிவாகப் பருத்திருந்தது.

கடை எது என்று கேட்டேன். குழாய்ச் சாமான் விற்கும் கடை. பழைய ரிங்கைக் காட்டி அதே சைஸ் வாங்கியிருக்கிறார். சைஸ் சரியாகவே இருந்தது. சந்தேகம் ரப்பரின் வகை மேல் வந்தது. தண்ணீர்க் குழாய்க்கு வரும் ரிங்குகளில் இ.பி.டி.எம். ரப்பர் உண்டு. தண்ணீருக்கு அருமையானது, மினரல் ஆயிலில் ஊறினால் பருத்து மெத்தென்று ஆகிவிடும். காற்றுக் கருவிகளுக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். கருவிக்கு ஆயில் விட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர் தினமும் காலையில் தவறாமல் விட்டு வந்திருக்கிறார். செய்ய வேண்டியதைச் செய்ததே ரிங்கைக் கெடுத்தது.

சந்தேகத்தை உறுதிசெய்ய, அவரிடம் மீதி இருந்த ரிங் ஒன்றையும் நான் கொண்டுவந்த நைட்ரைல் ரிங் ஒன்றையும் அதே ஆயிலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரவு முழுக்க ஊறப்போட்டோம். காலையில் ஒன்று அப்படியே இருந்தது, மற்றது ஊறிய கொண்டைக்கடலை மாதிரி இருந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பின் முழுசாக இறங்காத காரணமும் இதிலிருந்தே வந்தது. பருத்த ரிங் பிஸ்டனை இழுத்துப் பிடித்தது, அடி பலமிழந்தது. அதை ஈடுகட்ட அவர் ரெகுலேட்டரை 7 கிலோ வரை ஏற்றியிருக்கிறார். அழுத்தம் ஏற ஏற எல்லாக் கசிவும் கூடியது, மோட்டார் ஓயாமல் ஓடியது, பெரிய கம்ப்ரசர் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நைட்ரைல் ரிங் செட் போட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவிப் பூட்டினோம். உள்ளே இறங்கியிருந்த தண்ணீரையும் துடைத்தோம். டேங்கில் சேரும் தண்ணீரை வடிக்க அடியில் உள்ள ட்ரெயின் வால்வை அவர்கள் திறப்பதே அரிது. இப்போது 5 கிலோவிலேயே பின் ரெக்ஸினோடு சமமாக உட்காருகிறது.

இம்பாக்ட் ரெஞ்சும் கிரைண்டரும்

ரெஞ்சின் உள்ளே எந்தக் கோளாறும் இல்லை. கசிந்தது காற்று நுழையும் மரையில். கருவி அமெரிக்க முறை என்.பி.டி. மரை வைத்தது; அதில் இங்கே கிடைக்கும் கால் அங்குல, பிரிட்டிஷ் முறை பி.எஸ்.பி. மரை வைத்த நிப்பிளை (இணைப்புத் துண்டை) திருகியிருந்தார்கள். முதலாவதில் அங்குலத்துக்கு 18 மரை, கோணம் 60 டிகிரி. இரண்டாவதில் 19 மரை, 55 டிகிரி. இரண்டு மூன்று சுற்று நன்றாகப் போகும், அப்புறம் இறுகும். இறுகியதால் சரியாகப் பொருந்திவிட்டது என்று தோன்றும். எத்தனை சுற்று டேப் போட்டாலும் அந்த இடைவெளி அடைபடாது.

மரையை மறுபடி வெட்டி பி.எஸ்.பி. ஆக்கிவிடலாம் என்பது கணவரின் யோசனை. இருக்கும் உலோகத்தில் அவ்வளவு இடமில்லை, கெட்டுப்போனால் கருவியே போய்விடும் என்பதால் வேண்டாம் என்றேன். ஒரு பக்கம் என்.பி.டி., மறுபக்கம் பி.எஸ்.பி. உள்ள அடாப்டரை வேலூரில் தேடிக் கிடைக்காமல் சென்னையிலிருந்து வரவழைத்தோம். அது வரும்வரை ரெஞ்சை லைனில் மாட்டி வைக்காமல், தேவைப்படும்போது மட்டும் மாட்டினார்கள்.

கிரைண்டரில், காற்றைத் திறந்து மூடும் திராட்டில் வால்வின் இருக்கையில் மரத்தூள். சுத்தம் செய்ததும் நின்றது.

பின்னர் நடந்தது

எல்லாம் முடிந்து நான்கு கருவிகளையும் மாட்டிய நிலையில் 6-லிருந்து 5-க்கு 20 நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 3 லிட்டர். வேலை இல்லாதபோது மோட்டார் 40 நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்புகிறது. இதையும் பூஜ்ஜியமாக்க முயலவில்லை; கப்ளர்கள் இருக்கும் லைனில் அந்த மிச்சத்தைத் துரத்துவது வீண் வேலை. சாப்பாட்டுக்கு எழும்போதும் இரவிலும் டேங்க் வால்வை மூடிவிடுகிறார்கள். 2 எச்.பி. கம்ப்ரசர் பேச்சு நின்றுபோனது.

மே மாத வெயிலில் ஒரு பின்னடைவு. ஷீட்டுக்கு நேர் அடியில் ஓடிய பி.யு. டியூப் ஒரு ஃபிட்டிங்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு துள்ளியது. யாருக்கும் அடிபடவில்லை. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஷீட்டின் அடியில் அதைவிட அதிகம் இருக்கும், பி.யு. டியூப் சூட்டில் இளகும், தாங்கும் அழுத்தமும் குறையும். லைனை இறுக்கியபோது அது ஓடும் பாதையையும் மாற்றியிருக்க வேண்டும்.

மாற்ற வேண்டியவை

நிலையாக நிற்கும் பகுதி முழுவதையும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக்கி, இடுப்பு உயரத்தில் சுவரோடு கொண்டுபோகும் வேலை நடக்கிறது. கருவிக்காகப் பிரியும் ஒவ்வொரு கிளையிலும் ஒரு பால் வால்வ் வருகிறது. அடுத்த முறை லைனைப் பகுதி பகுதியாக அளக்க எதையும் கழற்ற வேண்டியிருக்காது. ஓ-ரிங் வாங்கும்போது சைஸோடு நைட்ரைல் என்றும் கேட்டு வாங்கி, கவரின் மேலேயே எழுதி வைக்கிறார் மனைவி. குழாய்ச் சாமான் ரிங்குகள் பட்டறையிலிருந்து வீட்டுச் சமையலறைக் குழாய்க்குப் போய்விட்டன. டேங்க் ட்ரெயினைத் திறப்பது மாலை வேலையில் சேர்ந்திருக்கிறது. தின்னர் துணி ஃபில்டர் பக்கம் வருவதில்லை.

கிரைண்டர் மட்டும் இன்னும் பழைய வேகத்தில் சுற்றவில்லை. அதில் இப்போது கசிவு இல்லை. ரோட்டரின் பிளேடுகள் தேய்ந்திருக்கின்றன. பிளேடு செட்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது, வந்ததும் கணவரே மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.